கழலாத இரண்டு நட்டுகளும் ஓர் ஆடி ஊர்வலமும்

துருவைத் தடுப்பதற்காகவே முப்பது வருஷத்துக்கு மேல் சம்பளம் வாங்கியவன் நான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புக்குத் துத்தநாகப் பூச்சு போடும் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவுக்குத் தலைவனாக இருந்து ஓய்வு பெற்றேன். படித்தது வேதியியலில் முதுகலை. துரு எப்படிப் பிறக்கிறது, எப்படி வளர்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (கேட்காமலே சொல்வேன் என்பது என் மனைவி சரோஜாவின் திருத்தம்.) அப்படிப்பட்ட நான் ஒரு பழைய டிராக்டரிடம் போய்த் தோற்றுத் திரும்பிய கதையை எங்கள் வீட்டில் இன்றுவரை சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள். சிரிக்காமல் ஒரு முறை சொல்லிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சரோஜாவின் பிறந்த வீடு ஆரம்பாக்கத்தை அடுத்த ஒரு கிராமத்தில் இருக்கிறது. அங்கே நெல் வைப்பவன் அவள் தம்பி சேகர். என்னை விடப் பத்து வயது இளையவன். ஆடியில் அந்த ஊர் அம்மனுக்கு ஊர்வலம் உண்டு. தேர் கிடையாது. டிரெய்லரில் அம்மனை ஏற்றி, நாலு மூலையிலும் வாழைமரம் கட்டி, சீரியல் பல்பு போட்டு, டிராக்டரை வைத்துத் தெருத்தெருவாக இழுத்து வருவார்கள். அப்படி இழுக்கிற முறை சேகர் வீட்டுக்கு உரியது. ஊரில் முதன்முதலில் டிராக்டர் வாங்கியவர் என் மாமனார் என்பதால் வந்த முறை அது.

ஆனால் அதற்கு ஊர்க்கட்டு ஒன்று இருக்கிறது. சொந்த வண்டிதான் இழுக்க வேண்டும், வாடகை வண்டி செல்லாது. தொடர்ந்து மூன்று ஆடிக்கு ஒரு வீட்டின் வண்டி வராவிட்டால் முறை அடுத்த பங்காளி வீட்டுக்குப் போய்விடும். மாமனார் காலமான பிறகு டிராக்டர் கொட்டகையில் படுத்தது. சேகர் உழவுக்கு வாடகை வண்டி பிடித்துக்கொண்டான். அம்மனை இரண்டு ஆடிக்குப் பங்காளி வரதனின் புது டிராக்டர் இழுத்தது. நான் சொல்லப்போவது மூன்றாவது ஆடியைப் பற்றி.

திருநின்றவூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது சேகர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "மாமா, இந்த வருசமும் வரதன் வண்டிதான்னா அத்தோட முடிஞ்சுது. அம்மன் நம்ம ஊட்டு வாசலாண்ட வந்து நிக்கும், நான் கையக் கட்டிக்கினு வேடிக்க பாக்கணும். நைனா மேல இருந்து காறித் துப்புவாரு."

"வண்டிய ரெடி பண்ணிட்டா?"

"மெக்கானிக் ஒருத்தனாண்ட கேட்டுகினு இருக்கேன்."

"மெக்கானிக் எதுக்குடா? நான் இருக்கேன்."

சமையலறையிலிருந்து சரோஜாவின் குரல் வந்தது: "அதான் பயமா இருக்குது."

ஒரு வாரத்தில் பெட்டி படுக்கையோடு போய் இறங்கினேன்.

கொட்டகையில் டிராக்டரைப் பார்த்ததும் நான் முதலில் உணர்ந்தது குற்ற உணர்ச்சி. (அது போதாது என்று விதி நினைத்திருக்கிறது.) வண்டி ஓடாவிட்டாலும் ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அதைக் கழுவி, பெயின்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைக்கிற பழக்கம் அந்த வீட்டில் விடவில்லை. கழுவுவது போர் தண்ணீரில். கடல் பக்கம் என்பதால் அந்தத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அவ்வளவு உப்பு. அந்த உப்பு ஈரம் காயும் முன்பே அதன் மேல் சிவப்பு பெயின்ட். பெயின்ட் எங்கிருந்து வந்தது? தொழிற்சாலையில் மிச்சமாகும் டப்பாக்களைக் கேட்டு வாங்கி, மாப்பிள்ளை முறையாக வருஷா வருஷம் அனுப்பி வைத்தது நான்தான். ஜாடியில் ஊறுகாய் போட்ட மாதிரி, ஒவ்வொரு நட்டையும் உப்பில் ஊறவைத்து மேலே மூடி போட்டிருந்தோம். அதற்கும் மேலே ஒரு பொட்டு.

இதையெல்லாம் புரிந்துகொண்டும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேனா என்றால், இல்லை.

"சேகர், துரு இருக்கே, அது இரும்ப விட அதிகமா இடத்த அடைக்கும். அதனாலதான் மரைக்குள்ள பூந்து நட்ட இறுக்கிப் புடிச்சுக்குது."

"சரி மாமா. அத உடச் சொல்லுங்க."

முதலில் எனக்கு ஒரு வெற்றி கிடைத்தது. இன்றைக்கு நினைத்தால் அந்த வெற்றிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. பழைய டீசலை இறக்கி, குழாய்களைச் சுத்தம் செய்து, புது பேட்டரி வைத்துச் சாவியைத் திருகியதும் இஞ்சின் இருமியது, கறுப்பாகக் கக்கியது, பிறகு ஓட ஆரம்பித்தது. தெருவே கூடிவிட்டது. சேகர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆனால் கியர் போட்டால் வண்டி முக்குகிறதே தவிர நகரவில்லை. வலது பின்சக்கரத்தின் பிரேக் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. அதைத் தொட வேண்டுமானால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். சக்கரத்துக்கு எட்டு நட்டு.

"அரை நாள் வேலை," என்றேன்.

சக்கரத்தின் டயரில் காற்றே இல்லை. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து தரையோடு உட்கார்ந்திருந்ததால் ஜாக்கி கீழே நுழையவில்லை. அதனால் முதலில் காற்றடிக்க வேண்டியிருந்தது. பஞ்சர் கடையிலிருந்து சின்ன கம்ப்ரசரைக் கொண்டுவந்து, வால்வை மாற்றி, அது பிடிக்காமல் மறுபடி மாற்றி, ஒரு முழுக் காலைப்பொழுது போயிற்று. டயர் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து நின்றபோது நானே ஊதி எழுப்பியது போல மார்பு விரிந்தது. பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, அச்சுக்கு அடியில் கருங்கல் அடுக்கினோம்.

அரை நாள் வேலை ஒரு வாரம் ஆயிற்று.

காலையும் மாலையும் நட்டுகளுக்கு எண்ணெய் விட்டேன். டீசல், மண்ணெண்ணெய், பிரேக் ஆயில், எல்லாவற்றையும் கலந்த என் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்று. யாரோ ஒருவர் வீடியோவில் பார்த்ததாகச் சொன்னார் என்று கலர் பாட்டில் ஒன்றையும் ஊற்றினேன். எறும்பு வந்தது. நட்டு வரவில்லை. எண்ணெய்க் கிண்ணமும் பிரஷ்ஷுமாக நான் குந்தியிருப்பதைப் பார்த்து சரோஜா சொன்னாள்: "ஏங்க, போன மாசம் என் முட்டிக்கு எண்ணெ தேச்சு உடுங்கன்னா கை வலிக்குதுன்னீங்க. இதுக்குத் தாலி கட்டியிருக்கலாம்."

எண்ணெய்க்கு மசியாததைப் பலத்தால் மசிய வைக்கலாம் என்று ஸ்பானரின் கைப்பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி, அதன் நுனியில் ஏறி நின்று குதித்தேன். அறுபத்தைந்து வயதில், கட்டம் போட்ட லுங்கியில். கொட்டகைக்கும் வரதன் வீட்டுக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர்தான். அதில் முழங்கையை ஊன்றிக்கொண்டு வரதன் தினமும் காட்சிக்கு வந்துவிடுவான்.

"மேனேஜர் சார், நீங்க குதிக்கிறதப் பாத்தா ஆத்தா எறங்கிட்ட மாதிரி கீது! யாராச்சும் வேப்பிலை எத்துனு வாங்கப்பா!"

நான் மேலும் குதித்தேன். சேகர் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "மாமா, கழட்டுறீங்களா, முறுக்குறீங்களா?"

குனிந்து பார்த்தேன். முறுக்கிக்கொண்டிருந்தேன்.

"மொதல்ல கொஞ்சம் முறுக்கினாத்தான் துரு உடையும்," என்றேன். "அது ஒரு டெக்னிக்." (அப்படி ஒரு டெக்னிக் உண்மையிலேயே உண்டு. நான் செய்துகொண்டிருந்தது அதுவல்ல.)

ஆனால் வேடிக்கை என்னவென்றால் அது வேலை செய்தது. பக்கம் மாறிக் குதித்ததும் முதல் நட்டு பன்றி கத்துவது போல ஒரு சத்தம் போட்டுக்கொண்டு அசைந்தது. நானும் சேகரும் கட்டிக்கொண்டோம். வரதன் கூட விசில் அடித்தான். அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொன்றாக ஆறு நட்டுகள் வந்தன. ஊர்வலத்துக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. மீதி இரண்டு.

அந்த இரண்டும் அசையவில்லை. ஸ்பானர் வழுக்கி வழுக்கி அவற்றின் முனைகள் உருண்டுவிட்டன. இனி சூடு வைப்பதுதான் வழி. சூட்டில் நட்டு விரியும், துருவின் பிடி விடும், அந்த நொடியில் திருகினால் கழன்றுவிடும். தெரிந்தவர் பட்டறையிலிருந்து கேஸ் வெல்டிங் செட்டை ஆட்டோவில் ஏற்றி வந்தேன். சேகருக்கு விளக்கிச் சொன்னேன். அவன் தலையாட்டினான். நான் சொன்ன எல்லாவற்றுக்கும் அவன் தலையாட்டுவான். அக்கா புருஷன், படித்தவர், பெரிய கம்பெனியில் பத்திரமாக வேலை செய்வது எப்படி என்று வகுப்பெடுத்தவர்.

வகுப்பெடுத்தது உண்மை. நெருப்பு வேலைக்கு அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போடும் அதிகாரமும் எனக்கு இருந்தது. பக்கத்தில் என்ன இருக்கிறது, எதில் காற்று அடைபட்டிருக்கிறது, எல்லாம் பார்த்த பிறகுதான் பேனாவைத் திறப்பேன்.

இந்த இடத்தில் நான் இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்ல வேண்டும்.

சூடு வைப்பதற்கு முன்னால் சரோஜா டீ கொண்டுவந்தாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டயரில் காற்று இருக்கிறது, அதை இறக்கிவிட்டுத்தான் சூடு வைக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. தெளிவாக வந்தது. வண்டி கல் மேல் நிற்கிறது, காற்றை இறக்கினால் ஒன்றும் ஆகாது, வால்வு ஊசியை ஒரு அழுத்து அழுத்தினால் போதும். ஆனால் அந்தக் காற்றை ஏற்ற ஒரு காலைப்பொழுது முழுக்கப் பாடுபட்டிருந்தேன். திரும்ப ஏற்ற வேண்டும். டயர் தொய்ந்து உட்காருவதை வரதன் சுவருக்கு மேலே இருந்து பார்ப்பான், ஏதாவது சொல்வான். இரண்டே நட்டுதானே, இரண்டு நிமிஷச் சூடுதானே என்று டீயைக் குடித்து முடித்தேன்.

இரும்பு விரியும் என்று ஊருக்கே சொன்ன எனக்கு, காற்றும் விரியும் என்பது மறந்துபோகவில்லை. நினைவுக்கு வந்தது, நான் அதைத் தள்ளி வைத்தேன். இதுதான் என் வாக்குமூலம்.

இரண்டு நிமிஷத்தில் ஆகவில்லை. நட்டு சிவந்தது, சேகர் திருகினான், வரவில்லை. மறுபடி சூடு. மறுபடி. ரப்பர் கருகும் வாசனை வந்தது. "நாறுது மாமா," என்றான் சேகர். "பெயின்ட் எரியுது," என்றேன். அதுவும் பாதி உண்மை.

அப்போது என் போன் அடித்தது. கோயில் தர்மகர்த்தா. நெருப்பை அணைத்துவிட்டு, "இப்போ திருகு, விடாதே," என்று சேகரிடம் சொல்லிவிட்டு வேப்பமரத்து நிழலுக்கு நடந்தேன். அவன் சக்கரத்தை ஒட்டிக் குந்தி, இடது தோளை டயருக்குக் கொடுத்து, ஸ்பானரை இழுத்துக்கொண்டிருந்தான்.

"சார், வண்டி ரெடியா? இல்லன்னா சொல்லிடுங்க, வரதனாண்ட பேசிடறேன்."

"ரெடிதாங்க. சக்கரத்த மாட்டினா முடிஞ்சுது," என்றேன். பெருமையாகவே சொன்னேன்.

அந்த நேரத்தில் வெடித்தது.

சத்தம் என்று சொன்னால் போதாது. மரத்திலிருந்து காய்ந்த குச்சிகள் என் தலையில் விழுந்தன. கொட்டகையின் தகரம் ஒன்று எழுந்து உட்கார்ந்தது. எங்கும் புழுதி. என் கையிலிருந்த போன் மட்டும் பேசிக்கொண்டிருந்தது: "இன்னா சார், அதுக்குள்ளாற வேட்டா? இன்னும் காப்பே கட்டலியே?"

புழுதி அடங்கியபோது சேகர் சக்கரத்திலிருந்து தள்ளிக் கிடந்தான். ஸ்பானர் பறந்து வலது முன்கையை உடைத்திருந்தது. இடது காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாக வந்துகொண்டிருந்தது. சுவரை முதலில் தாண்டிக் குதித்தது வரதன். துண்டை உருவிக் கையைக் கட்டியதும், தன் வண்டியை ஓட்டி வரச் சொல்லிக் கத்தியதும் அவன்தான். நான் "சேகர், சேகர்" என்று கூப்பிட்டுக்கொண்டு நின்றேன். அவன் கண்ணைத் திறந்து என் உதடுகளைப் பார்த்தான்.

"ஏன் மாமா சத்தமே வராம பேசுறீங்க?" என்று கேட்டான். ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திக் கேட்டான்.

கும்மிடிப்பூண்டியில் முதலுதவி செய்து சென்னைக்கு அனுப்பினார்கள். கை கூடிவிடும் என்றார் மருத்துவர். வலது காது சில நாட்களில் திரும்பும். இடது காது உள்ளேயும் சேதப்பட்டிருக்கிறது, அதில் இனி கேட்காது. ஆஸ்பத்திரி தாழ்வாரத்தில் சரோஜா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "எப்படிங்க வெடிச்சுது?"

"பழைய டயர்," என்றேன். "நஞ்சு போயிருந்துது."

அவள் தலையாட்டினாள். அதுவே எங்கள் குடும்பத்தின் அதிகாரபூர்வமான பதிலாகிவிட்டது. சேகரே வருகிறவர்களிடம் சொல்வான்: "நைனா காலத்து டயரு. அது பாவம் இன்னா பண்ணும்."

ஊர்வலத்தன்று அவனை அழைத்து வந்திருந்தோம். கையில் கட்டு, காதில் பஞ்சு. வரதனின் டிராக்டர் அம்மனை இழுத்துக்கொண்டு வந்து அவன் வாசலில் நின்றது. பம்பையும் உடுக்கையும் காது கிழிகிற மாதிரி அடித்தார்கள். வரதன் இறங்கி வந்து, "சேகரு, நீ வந்து ஸ்டீரிங்கப் புடி, நான் பக்கத்துல நிக்கறேன்," என்று கெஞ்சினான். சேகர் கட்டுப்போட்ட கையைக் காட்டிச் சிரித்தான். ஊர்க்கட்டின்படி முறை அன்றோடு மாறியது. தர்மகர்த்தா மாலையை வரதன் வண்டிக்குப் போட்டார். சேகர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னான்: "மாமா, ஒரு பக்கம் மட்டும்தான் திருவிழா நடக்குது."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

(அந்த இரண்டு நட்டுகளும் கழன்றனவா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இல்லை. பழைய இரும்புக்காரர் கடைசியில் வண்டியைத் துண்டுகளாக வெட்டித்தான் எடுத்துப்போனார்.)

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அடுத்த ஆடியில் முடிவு செய்தேன். அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நாள். வாசலில் பந்தலுக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்திருந்தோம். நேருக்கு நேர் சொல்லத் தைரியம் இல்லாத நான், சேகரின் இடது பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். அந்தக் காதுக்கு அருகில் குனிந்து, "சேகர், காத்த எறக்கணும்னு எனக்குத் தெரியும். சோம்பல்ல விட்டுட்டேன்," என்றேன். வெட்கக்கேடு, எனக்கே தெரிகிறது.

என் உதடு அசைவதைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டான். முழுவதுமாகத் திரும்பினான். "இன்னா மாமா சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல," என்றேன். "இன்னும் கொஞ்சம் கூழ் கேட்டேன்."

கேழ்வரகுக் கூழ் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. ஒரு பெரிய சொம்பு நிறைய ஊற்றினான். பச்சை வெங்காயமும் கருவாட்டுக் குழம்பும் வந்தன. குடித்தேன். அதற்கடுத்த ஆடியிலும் அதே பக்கம் உட்கார்ந்தேன், அதே வாக்கியத்தைச் சொன்னேன், அதே சொம்பு வந்தது. இப்படியே வருஷங்கள் ஓடி, மாமாவுக்குக் கூழ் என்றால் உயிர் என்று குடும்பத்தில் நிலைத்துவிட்டது. "பங்கா போட்ட ரூம்ல உக்காந்த மேனேஜரு, கூழுப் பானைய உட மாட்டேன்றாரு" என்று சின்னவர்களெல்லாம் கேலி செய்கிறார்கள். எனக்கென்றே தனிச் சொம்பு ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்கள். மற்றவர்களுடையதைப் போல அது இரண்டு மடங்கு.

இந்த ஆடிக்குத் துணிந்துவிட்டேன். போனதும் சேகரின் வலது பக்கம், நல்ல காதின் பக்கம், போய் உட்கார்ந்தேன். வரதனின் டிராக்டர் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. அது வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தொண்டையைச் செருமினேன். சேகர் எழுந்தான். என் தோளைப் பிடித்துத் தூக்கி, இடது பக்கம் கொண்டுபோய் உட்கார வைத்தான்.

"நீங்க இந்தப் பக்கமே உக்காருங்க மாமா," என்றான். "நீங்க இன்னா சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும்."

சொம்பு நிறைய ஊற்றினான். பந்தலே சிரித்தது. சரோஜா சிரித்த சிரிப்பில் புரையேறியது. அவன் தெரியும் என்றது கூழைத்தானா, மற்றதையா என்று நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் அம்மனைப் பார்த்துக்கொண்டிருந்தான், நல்ல காதை மேளத்தின் பக்கம் கொடுத்து. சொம்பை இரண்டு கைகளாலும் எடுத்து, மிச்சம் வைக்காமல் குடித்தேன்.